முதுகில் போடும் ஊசி: வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவா, வலியைக் குறைக்கவா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. பத்து வாரமாக இடுப்பில் தொடங்கி இடது கால் வரை இறங்கும் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று கீழ் முதுகெலும்பில் இரண்டு இடத்தில், எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். தனியார் மருத்துவமனை டாக்டர் முதுகில் ஊசி போடலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, போட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார். அம்மாவுக்கு இனிப்பு நீரும் உண்டு. போடலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

டாக்டர் அந்த ஊசியை எதற்காகச் சொன்னார் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு ஜவ்வில் எது வலிக்குக் காரணம் என்று தெரிந்துகொள்ளவா, அல்லது காரணம் தெரிந்துவிட்டது, வலியைத் தணிக்கவா? பெரும்பாலான குடும்பங்கள் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. நான் மயக்க மருந்துத் துறையில் படித்து, பிறகு வலி சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் இந்த ஊசிகளைப் போட்டவன். இந்த ஊசியால் பிழைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் பேசுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் அம்மாவைத் தொட்டுப் பார்க்காமல் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை. டாக்டரிடம் திரும்பிப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

ஊசியில் பெரும்பாலும் இரண்டு மருந்து இருக்கும். ஒன்று மரத்துப்போகச் செய்யும் மருந்து. லிக்னோகெய்ன் என்றால் ஓரிரு மணி நேரம், பூபிவகெய்ன் என்றால் அதைவிடச் சில மணி நேரம் கூடுதலாக வேலை செய்யும். மற்றது ஸ்டீராய்டு. நரம்பு வேரை, அதாவது முதுகெலும்பிலிருந்து நரம்பு கிளம்பும் பகுதியை, சுற்றியுள்ள அழற்சியைத் தணிப்பது அதன் வேலை. அது உடனே பலன் தராது. இரண்டு மூன்று நாள் ஆகலாம், ஒரு வாரம்கூட ஆகலாம். வலி எங்கிருந்து வருகிறது என்று சொல்வது முதல் மருந்து. நாள்கணக்கில் வலியைக் குறைப்பது இரண்டாவது. இரண்டும் ஒரே ஊசியில் போவதால்தான் இவ்வளவு குழப்பம்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் ஏன் தேட வேண்டும் என்று கேட்பீர்கள். எம்.ஆர்.ஐ. உடம்பின் அமைப்பைக் காட்டும், வலியைக் காட்டாது. முதுகுவலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 விழுக்காட்டினருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 விழுக்காடு. ஆகவே 58 வயதில் இரண்டு இடத்தில் பிதுக்கம் என்ற அறிக்கையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. அதைவிட அம்மா விரலால் காட்டுகிற இடம் அதிகம் சொல்லும். வலி முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் வழியே கட்டை விரலுக்குப் போகிறது என்றால் எல்5 நரம்பு வேர் என்று சந்தேகப்படலாம். எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கினால் வழக்கமாக உரசுவது அதைத்தான். கெண்டைக்காலின் பின்புறம் வழியாகச் சுண்டு விரல் பக்கம் போனால் எஸ்1. கட்டை விரலை மேலே தூக்கும் பலம், நுனிக்காலில் நிற்கும் பலம், கணுக்காலில் சுத்தியல் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பது, படுத்தபடி காலை நீட்டித் தூக்கினால் சுரீர் என்கிறதா என்பது, இவற்றையெல்லாம் டாக்டர் பார்த்தாரா? படத்தை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஊசிக்குத் தேதி கொடுத்திருந்தால், இன்னொரு டாக்டரிடம் காட்டுவது நல்லது.

பரிசோதனையும் படமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கண்டறியும் ஊசிக்கு வேலை. வீட்டில் கரண்ட் அடிக்கடி விழுந்தால், எந்த லைனில் கோளாறு என்று பார்க்க ஒவ்வொரு சுவிட்சாக இறக்கிப் பார்க்கிறோமே, அதே கணக்கு. சந்தேகப்படும் ஒரே ஒரு நரம்பு வேரின் பக்கத்தில், சிறிதளவு மரத்துப்போகும் மருந்தை மட்டும் எக்ஸ்ரே பார்த்தபடி வைக்கிறோம். அடுத்த சில மணி நேரத்தில் கால் வலி பெருமளவு போய்விட்டால் அந்த வேர் மேல் சந்தேகம் வலுக்கும். போகவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். கால் வலியே இல்லாமல் இடுப்பில் மட்டும் வலி என்றால் முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்புக் கிளைகளை மரக்கச் செய்து பார்ப்போம். புட்டத்தின் மேல்பக்கம் வலித்தால் முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் போட்டுப் பார்ப்போம்.

இது முழுக்க நம்பக்கூடிய சோதனை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறு மூட்டு நரம்புகளை ஒரே ஒரு முறை மரக்கச் செய்து பார்த்ததில், சுமார் மூன்றில் ஒருவருக்குப் பொய்யான நல்ல பதில் வரும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. அதனால்தான் கவனமாக வேலை செய்பவர்கள் வேறு ஒரு நாளில், நேரம் வேறுபடும் இன்னொரு மருந்தைக் கொண்டு இரண்டாவது முறையும் சோதிக்கிறார்கள். மருந்தின் அளவு கூடினால் பக்கத்து நரம்புக்கும் பரவிவிடும், அப்போது எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் பொதுவாகப் போடும் எபிடூரல் ஊசியைக் கண்டறியும் ஊசி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் மருந்து மேலும் கீழும் பல வேர்களுக்குப் பரவும். அது நிவாரணத்துக்கான ஊசி, அவ்வளவுதான்.

கண்டறியும் ஊசியை வீணாக்குவது பெரும்பாலும் ஊசிக்குப் பிறகு வரும் சில மணி நேரம்தான். நோயாளிக்குப் பயம் என்று தூக்க மருந்து கொடுப்பார்கள். அவர் பாதித் தூக்கத்தில் காரில் ஏறி, பாலம் தாண்டி வீடு போய்ச் சேர்ந்து படுத்துவிடுவார். இரண்டு நாள் கழித்து, எப்படி இருந்தது என்று கேட்டால், முதல் நாள் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு டாக்டர் என்பார். அதை வைத்து என்ன முடிவு எடுப்பது? கண்டறியத்தான் போடுகிறார்கள் என்றால், தூக்க மருந்து இல்லாமல் அல்லது மிகக் குறைவாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஊசிக்கு முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். பிறகு அரை மணிக்கு ஒரு முறை, முதல் ஆறு மணி நேரம், நேரத்தோடு எழுதுங்கள். அம்மாவைப் படுக்கவிடாமல், வழக்கமாக வலி வரும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நின்றால்தான் வலி என்றால் நிற்கட்டும். அன்று கால் சற்று மதமதத்துத் தடுமாறும், ஆகவே பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டிருந்தால், இரண்டு வாரம் வரை தினமும் ஒரு வரி எழுதினால் அதன் கணக்கும் தெரிந்துவிடும்.

இனி நிவாரணம். உங்கள் அம்மாவுடையது போன்ற, ஜவ்வு பிதுங்கி நரம்பை உரசுவதால் வரும் கால் வலியில் பெரும்பாலோருக்கு ஊசி இல்லாமலே சில மாதங்களில் வலி தணிந்துவிடும். பிதுங்கிய ஜவ்வை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. ஊசி அந்தக் காலத்தைத் தாங்கிக் கடக்க உதவலாம், ஜவ்வை உள்ளே தள்ளாது. எவ்வளவு உதவும்? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்த வகைக் கால் வலியில் ஸ்டீராய்டு எபிடூரல் ஊசி போலி ஊசியைவிடக் குறுகிய காலத்துக்கு, நூறு புள்ளி வலி அளவுகோலில் சுமார் 5 புள்ளி அளவே வலியைக் கூடுதலாகக் குறைத்தது என்று கண்டது. சராசரி அது. சிலருக்கு ஒன்றுமே தெரியாது, சிலர் அன்றிரவே பல வாரம் கழித்து நிம்மதியாகத் தூங்குவார்கள். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை எங்களிடம் இல்லை. ஆனால் வலி தொடங்கிச் சில மாதங்களுக்குள், இடுப்பைவிடக் கால் வலி அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் பலன் கிடைப்பதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

வயதானவர்களுக்கு வரும் இன்னொரு வகை உண்டு. முதுகெலும்புக் குழாய் குறுகிப்போய், கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து இழுக்கும். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி மேல் குனிந்தபடி நடந்தால் மட்டும் வலிக்காது. இவர்களுக்கு ஊசியின் பலன் இன்னும் குறைவு. 2014இல் அமெரிக்காவில் 400 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கும் வெறும் மரத்துப்போகும் மருந்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கால் வலி இல்லாத வெறும் இடுப்பு வலிக்கு ஊசி போட வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2016இலேயே சொல்லிவிட்டது. அதே வழிகாட்டி, கடுமையான, புதிதாக வந்த நரம்புக் கால் வலிக்கு எபிடூரல் ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. புற்றுநோய், அழற்சி மூட்டு நோய் போன்றவை இல்லாத நாள்பட்ட முதுகெலும்பு வலிக்கு எபிடூரல் ஊசி, மூட்டு ஊசி, நரம்பைச் சுடும் சிகிச்சை எதுவும் வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. எங்கள் துறையில் பலர் கொதித்தெழுந்தார்கள். எல்லா வகை வலியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும், வருடக்கணக்கான முதுகுவலிக்கு மாறி மாறி ஊசி போட்டுக்கொண்டிருக்கும் கிளினிக்குகளுக்கு அந்த வழிகாட்டி விட்ட அடி தேவையானதுதான். நாள்பட்டது என்று அவர்கள் கணக்கிடுவது மூன்று மாதத்துக்கு மேல். பத்து வாரம் அந்த எல்லைக்கு உள்ளேதான், ஆனால் நெருங்கிவிட்டது.

நரம்பைச் சுடுவது என்று சொன்னேன், அதையும் ஒரு வார்த்தை. சிறு மூட்டுதான் காரணம் என்று சோதனையில் தெரிந்தால், அந்த நரம்புக் கிளைகளைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம் சுடுவார்கள். நரம்பு திரும்ப வளரும்வரை, வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம், வலி குறையலாம். 2017இல் நெதர்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு, உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தாலும் பெரிய கூடுதல் பலன் இல்லை என்றது. யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் அந்த ஆய்வு மேலும் சண்டை உண்டு. உங்கள் அம்மாவுக்கு இது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் பயத்துக்கு வருகிறேன். தண்டுவடம் முதுகின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. பெரியவர்களுக்கு எல்1-எல்2 மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே திரவத்தில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டும்தான். எல்4-எல்5இல் போகும் ஊசி தண்டுவடத்தைக் குத்தும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. நம் பெண்கள் பலர், பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியால்தான் இன்றுவரை முதுகுவலி என்று சொல்வார்கள். அதைப் பல ஆய்வுகள் தேடிப் பார்த்தும் அப்படி நீண்டகாலத் தொடர்பு கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே இதைச் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியவில்லை, அது வேறு கதை.

ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விட்டது: எபிடூரலில் ஸ்டீராய்டு போடுவதால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கால் செயலிழப்பு, மரணம்கூட நேரலாம் என்று. இதற்கு முக்கியமான காரணம் ஒன்று தெரியும். சில ஸ்டீராய்டுகள் நுண்ணிய துகள்களாக இருக்கும். ட்ரையம்சினோலோனும் மெத்தில்பிரெட்னிசோலோனும் அப்படி. அவை தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் தவறிப் புகுந்தால் அடைத்துவிடும். கழுத்தில் ஆபத்து அதிகம், இடுப்பில் மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. அதனால் நரம்பு வெளிவரும் துவாரம் வழியாகப் போடும்போது துகள் இல்லாத டெக்ஸாமெதசோனை முதலில் பயன்படுத்துவது நல்லது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட பழக்கம். எக்ஸ்ரே பார்த்தபடி, முதலில் சாயம் செலுத்தி அது ரத்தக் குழாயில் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே மருந்து போட வேண்டும். எக்ஸ்ரே வசதியே இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள நான் யாரையும் அனுப்ப மாட்டேன். என்ன ஸ்டீராய்டு, எந்த வழியாக என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் டாக்டர் உங்களுக்குத் தேவையில்லை.

சாதாரணமாக நடப்பவை வேறு. உறையில் சின்ன ஓட்டை விழுந்தால் உட்கார்ந்தால் தலை இடிக்கும், படுத்தால் விடும். முகம் சிவந்து சூடாகும். ஓரிரு இரவு தூக்கம் வராது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை பல நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை, ஏறி நிற்கும். உங்கள் அம்மா விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். அது கட்டுக்குள் இல்லை என்றால் ஊசியைத் தள்ளிப்போடுவதே சரி. போட்ட பிறகு வீட்டுக் கருவியில் தினமும் சோதியுங்கள். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் கூட்ட வேண்டாம், எந்த எண்ணுக்கு மேல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அதை நிறுத்தலாமா என்பதை இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சீன வைத்தியரான சின்சேயின் கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது ஏதாவது உண்டா? நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் விபரீதம்.

மூன்று ஊசி ஒரு செட் என்று சிலர் முதலிலேயே பேக்கேஜ் பேசுவார்கள். அப்படி ஒரு விதி இல்லை. முதல் ஊசியால் என்ன நடந்தது என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைப் பற்றிப் பேச வேண்டும். பலனே இல்லையென்றால் அதே ஊசியை அதே இடத்தில் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை. பலன் கிடைத்தால் அந்தச் சில வாரங்களில் நடை, பிசியோதெரப்பி என்று தொடங்கிவிட வேண்டும். கடை முதலாளியிடம் பேசி அம்மாவுக்கு ஒரு உயர நாற்காலி வாங்கிக் கொடுப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். ஊசி போட்ட வாரத்தில் முதுகை உருவிவிட யாரையும் கூப்பிடாதீர்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது எப்போதும் உள்ளே இருக்கும் கேள்வி. தனியாரில் டாக்டர் கட்டணம், அறுவை அறைக் கட்டணம், எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். மெடிக்கல் கார்டு இருந்தால், படுக்கையில் சேராமல் அன்றே வீடு திரும்பும் சிகிச்சைக்கு அந்தக் காப்புறுதி பணம் தருமா என்று முதலில் நிறுவனத்தை அழைத்து உறுதி செய்யுங்கள். சும்மா ஒரு நாள் அட்மிட் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதுவும் ஒரு செய்திதான். அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கும் போகலாம், ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம்தான். காத்திருக்க நேரும். உங்கள் அம்மாவின் வலி இந்தப் பத்து வாரத்தில் கொஞ்சமாவது இறங்குமுகத்தில் இருந்தால், அந்தக் காத்திருப்பால் கெடுதல் இல்லை. அதற்குள் ஊசியே வேண்டாம் என்றாகிவிடலாம்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டால், சிறுநீர் வராமல் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டால், உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனால், அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கள், நள்ளிரவாக இருந்தாலும் சரி. ஊசிக்குக் கொடுத்த தேதி அடுத்த நாளே என்றாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.